ஒளி பட்டால் விழிக்கும் மருந்து

உடம்புக்குள் செலுத்திய மருந்து தன்பாட்டுக்குச் சும்மா கிடக்க, குறிப்பிட்ட நிற ஒளி விழுந்த இடத்தில் மட்டும் அது வேலை செய்வதே ஒளியியக்கச் சிகிச்சை. ரத்தத்தில் கலந்து ஓடும் வழக்கமான புற்றுநோய் மருந்துக்கு இடம் தெரியாது. கட்டியைத் தாக்கும் கையோடு தலைமுடியின் வேரையும் குடலின் உட்சவ்வையும் தாக்கிவிடும். இங்கே இடத்தைத் தீர்மானிக்கிற வேலை மருத்துவரின் கையிலுள்ள விளக்கிடம் போகிறது. தேவைப்படுபவை மூன்று: ஒளியை உறிஞ்சும் ஒரு சாயம், அந்தச் சாயத்துக்கு ஏற்ற நிறத்தில் ஒளி, திசுவில் எப்போதும் கரைந்திருக்கும் ஆக்சிஜன். தனித்தனியே மூன்றும் சாதுவானவை. மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் அங்குள்ள செல்கள் செத்துப்போகின்றன.

நடப்பது இதுதான். சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சியதும் அதன் எலெக்ட்ரான் ஒன்று உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. சாதாரணச் சாயங்களில் அந்த ஆற்றல் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு சீக்கிரமாக, வெப்பமாகவோ மெல்லிய ஒளிர்வாகவோ தீர்ந்துவிடும். ஒளியியக்கச் சாயங்களில் அப்படித் தீராமல், எலெக்ட்ரானின் சுழற்சி மாறி, சற்று நீண்ட நேரம் அது அந்தரத்தில் நிற்கிறது. அந்த அவகாசத்தில் பக்கத்தில் வந்து மோதும் ஆக்சிஜனுக்குச் சாயம் தன் ஆற்றலைக் கைமாற்றிவிடுகிறது. ஆற்றல் ஏறிய அந்த ஆக்சிஜனை வேதியியலில் ஒற்றைநிலை ஆக்சிஜன் என்கிறார்கள். செல்லின் கொழுப்புச் சவ்வு, புரதம் என எது அருகில் கிடைத்தாலும் அதனோடு வினைபுரிந்து சிதைக்கும். சாயமோ பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த ஒளித்துகளுக்கும் அடுத்த ஆக்சிஜனுக்கும் தயாராகிவிடுகிறது. அதனால் கொஞ்சம் சாயமே நிறையச் சேதம் செய்ய வல்லது.

ஒற்றைநிலை ஆக்சிஜன் உயிரோடிருப்பது மைக்ரோ நொடிக் கணக்கில்தான். அதற்குள் அது நகரும் தூரம் ஒரு செல்லின் அகலத்தில் மிகச் சிறு பகுதி. எனவே சாயம் செல்லுக்குள் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அடி விழும். மைட்டோகாண்டிரியாவில் ஒட்டிய சாயம் செல்லைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள வைக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிய சாயம் குழாயை அடைத்துக் கட்டியைப் பட்டினி போடும். செத்த செல்களின் சிதிலங்களைக் கண்டு உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் திரண்டு வருவதும் உண்டு. எந்த வழி முதன்மையாக நடக்கும் என்பது பெரும்பாலும் மருந்து கொடுத்ததற்கும் விளக்கு போட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் விட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த விளைவு தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. மியூனிக் நகரில் ஹெர்மான் ஃபான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அக்ரிடின் என்ற சாயம் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரே செறிவில் சாயம் கலந்தும் ஒரு நாள் உயிரிகள் விரைவில் இறந்தன, வேறொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. பிழை எங்கே என்று தேடியபோது, உயிரிகள் பிழைத்த நாளில் இடிமின்னலோடு வானம் இருண்டிருந்தது தெரியவந்தது. ராபின் கட்டுரை 1900-ல் வெளியானது. 1903-ல் டாப்பைனரும் தோல் மருத்துவர் யெசியோனெக்கும் இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளில் தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் இந்த விளைவு இல்லை என்பதையும் டாப்பைனரின் கூடம்தான் நிறுவியது.

சாயம் மனித உடலில் என்ன செய்யும் என்பதை நிரூபிக்க 1912-ல் ஃபிரீட்ரிஷ் மையர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் தன் உடலையே கொடுத்தார். ரத்தத்தின் சிவப்பு நிறமியிலிருந்து பெறப்படும் ஹெமட்டோபோர்பிரின் 200 மில்லிகிராமைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கைகளும் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கின. வெயில் ஒவ்வாமை மாதக்கணக்கில் நீடித்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. ஆனால் போர்பிரின் என்ற வேதிக் குடும்பம் மனிதத் திசுவில் ஒளியோடு சேர்ந்து எவ்வளவு கடுமையாக வேலை செய்யும் என்பது அதிலிருந்து ஐயமின்றித் தெரிந்தது. ரத்தத்தின் ஹீமும் இலையின் பச்சையமும் இதே குடும்பம்தான். அடுத்த நூறாண்டில் வந்த ஒளி மருந்துகளில் பெரும்பாலானவை இந்த வளைய மூலக்கூறின் வாரிசுகள்.

ஒளியால் இயங்கும் மருந்துகள் எல்லாமே ஆக்சிஜன் வழியாக வேலை செய்வதில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. இந்திய மரபு மருத்துவம் வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்திவந்தது. எகிப்தில் அதே நோய்க்கு வேறொரு செடியின் விதையைக் கொடுத்து வெயிலில் நிறுத்தினார்கள். அதிலும் சோராலன் வகைப் பொருள்தான். 1940-களில் கெய்ரோவில் அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். 1974-ல் அமெரிக்காவில் அதே மாத்திரையையும் புற ஊதா ஏ கதிரையும் சேர்த்துச் சோரியாசிஸ் நோய்க்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். சோராலன் நேரே டிஎன்ஏ இழைகளுக்கிடையே நுழைந்துகொள்ளும். கதிர் பட்டதும் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செல் பெருகாமல் தடுக்கும். டிஎன்ஏவில் கைவைக்கும் எதற்கும் விலை உண்டு. பல ஆண்டுகள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு கூடியது. இன்று பல மருத்துவமனைகளில் மருந்தே தேவைப்படாத குறுகிய அலைவரிசைப் புற ஊதா பி விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. யார் சொல்லையோ கேட்டுக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்று கொப்புளத்தோடு வருபவர்களைத் தோல் மருத்துவர்கள் இன்னமும் பார்க்கிறார்கள்.

பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் நீல விளக்கின் கீழ் கிடத்துவதும் தூரத்து உறவுதான். அங்கே வெளியிலிருந்து மருந்து எதுவும் போவதில்லை. காமாலைக்குக் காரணமான பிலிருபினே நீல ஒளியை உறிஞ்சி வடிவம் மாறி, கல்லீரலின் உதவியில்லாமல் வெளியேறக்கூடியதாகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் ஒருவர், வெயில் காட்டிய குழந்தைகளின் மஞ்சள் வெளிறுவதை 1950-களில் கவனித்ததில் தொடங்கியது இது.

புற்றுநோய்க்கு ஒளியியக்கச் சிகிச்சையை முறையான மருத்துவமாக்கியவர் நியூயார்க் மாநிலம் பஃபலோவில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தின் தாமஸ் டோஹர்ட்டி. ஹெமட்டோபோர்பிரினைப் பக்குவப்படுத்திய கலவையையும் சிவப்பு ஒளியையும் கொண்டு 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்குச் சிகிச்சை கொடுத்து 1978-ல் முடிவை வெளியிட்டார். 111 கட்டிகள் முழுதாகவோ ஓரளவோ கரைந்தன. பெரும்பாலும் தோலிலும் தோலடியிலும் இருந்த கட்டிகள் அவை. விளக்கு எளிதாக எட்டும் இடம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் கலவை ஃபோட்டோஃப்ரின் என்ற பெயரில் 1993-ல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995-ல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அனுமதி பெற்றது.

ஃபோட்டோஃப்ரின் பெறுபவர் கடந்துவரும் நாட்கள் இந்த மருத்துவத்தின் நிறைகுறை இரண்டையும் காட்டும். முதல் நாள் மருந்து மெதுவாக ரத்தநாளத்தில் ஏற்றப்படுகிறது. பிறகு 40 முதல் 50 மணி நேரம் காத்திருப்பு. அதற்குள் ஆரோக்கியமான திசுக்கள் பலவற்றிலிருந்து மருந்து வடிந்துவிடும், கட்டியில் கூடுதலாகத் தங்கும். அடைபட்ட உணவுக்குழாய்க்குள் எண்டோஸ்கோப் வழியே நுனி ஒளிரும் மெல்லிய கண்ணாடி இழையைச் செலுத்தி, 630 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசரைச் சில நிமிடங்கள் பாய்ச்சுவார்கள். சில நாட்களில் செத்த திசுவை வழித்தெடுத்தால் விழுங்க வழி பிறக்கும்.

சிக்கல் அதன் பிறகு. தோலிலும் மருந்து தங்கியிருப்பதால் குறைந்தது ஒரு மாதம் வெயில் படக் கூடாது. முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டும். கடையில் விற்கும் சன்ஸ்கிரீன் களிம்பு உதவாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தை எழுப்புவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதற்காக இருட்டறையில் முடங்கிக் கிடப்பதும் தப்பு. வீட்டுக்குள் இருக்கும் மெல்லிய வெளிச்சம் தோலில் உள்ள மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துச் செயலிழக்க வைக்கும் என்பதால், ஜன்னல் வெயிலுக்கு ஒதுங்கி, சாதாரண அறை வெளிச்சத்தில் நடமாடச் சொல்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் ஒளியின் எட்டும் தூரம். இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெள்ளை ஒளிதான் உள்ளே போகிறது, விரல்களின் ஓரங்களில் சிவப்பு மட்டும் கசிகிறது. நீலத்தையும் பச்சையையும் ஹீமோகுளோபின் குடித்துவிடும். தோலின் மெலனின் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அகச்சிவப்புக்குள் வெகுதூரம் போனால் தண்ணீரே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நடுவே சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரு திறப்பு இருக்கிறது. அதற்குள்ளும் ஒளி சிதறிக்கொண்டே போவதால், சிகிச்சைக்குப் போதுமான அளவு ஒளி சில மில்லிமீட்டரோ, மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் அளவோதான் எட்டும். நீல ஒளியென்றால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. ஃபோட்டோஃப்ரினைத் தூண்டும் 630 நானோமீட்டர் இந்தத் திறப்பின் வாசலுக்குச் சற்று வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகளில் பாதி, இன்னும் நீண்ட அலைநீளத்தை உறிஞ்சும் சாயத்தைத் தேடியவை.

மீதிப் பாதி வேறு உபாயம் தேடியது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் ஜேம்ஸ் கென்னடி, ராய் பாட்டியர் குழுவினர் 1990-ல் சாயத்தை வெளியிலிருந்து கொடுக்காமல் செல்லையே தயாரிக்க வைத்தார்கள். ஹீம் உருவாகும் பாதையின் தொடக்கத்தில் அமினோலெவுலினிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறு இருக்கிறது. அதை அளவுக்கு மீறிக் கொடுத்தால் பாதையின் கடைசிப் படிக்கு முந்தைய புரோட்டோபோர்பிரின் குவிந்துவிடும். கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்கும் நொதி பல புற்றுச் செல்களில் மந்தமாக இருப்பதால் அங்கே குவியல் அதிகம். வெயிலால் வரும் புற்று முன்னிலைத் தோல் தடிப்புகளுக்கு இந்த முறை 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கரைசலைத் தடவி, மறுநாள் நீல விளக்கின் கீழ் 16 நிமிடம் 40 நொடி உட்கார்ந்தால் போதும். அந்த நிமிடங்கள் சுகமானவை அல்ல, தோல் கடுமையாக எரியும். அதனால் டென்மார்க்கில் களிம்பைப் பூசிச் சற்று நேரத்தில் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் உலாவச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். மருந்து உருவாக உருவாகச் செலவாகிவிடுவதால் எரிச்சல் வெகுவாகக் குறைகிறது. இந்தத் தோல் தடிப்பு வெள்ளைத் தோலில் மிகுதியாக வரும் நோய் என்பதால் நம் பக்கம் இந்தச் சிகிச்சை அவ்வளவாகத் தெரியாது.

இதே அமிலம் மூளை அறுவை அரங்கிலும் நுழைந்தது, கொல்வதற்காக அல்லாமல் காட்டிக்கொடுப்பதற்காக. கிளியோமா என்ற மூளைக் கட்டி ஆரோக்கியமான திசுவோடு பின்னிப் பிணைந்து வளரும். சாதாரண வெளிச்சத்தில் எல்லை தெரியாது. அறுவைக்குச் சில மணி நேரம் முன் அமிலக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, நுண்ணோக்கியில் நீல ஒளிக்கு மாற்றினால் கட்டி செக்கச்செவேலென ஒளிரும், மூளை நீலமாகவே இருக்கும். ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் இதற்கு அனுமதி கிடைத்தது.

நானோ பொருட்கள் இந்த மருத்துவத்துக்குள் ஓசையில்லாமல் வந்தது கண் வழியாக. வான்கூவரில் ஜூலியா லெவியும் டேவிட் டால்ஃபினும் உருவாக்கிய வெர்டிபோர்பின் 689 நானோமீட்டரை உறிஞ்சும் நல்ல சாயம், ஆனால் தண்ணீரில் கரையாது. அதைக் கொழுப்பு மூலக்கூறுகளாலான நுண்ணிய உருண்டைகளில், அதாவது லிப்போசோம்களில், ஏற்றி ரத்தத்தில் விட்டார்கள். முதுமையில் விழித்திரையின் மையத்தில் முளைக்கும் கசிவுள்ள ரத்தக்குழாய்களை அடைப்பது நோக்கம். பத்து நிமிடம் மருந்து ஏறும். தொடங்கிய பதினைந்தாம் நிமிடத்தில் கண்ணுக்குள் 83 நொடி சிவப்பு ஒளி. சுடும் அளவுக்குச் சூடில்லாத ஒளி என்பதால் மேலே உள்ள விழித்திரை கருகாது. 2000-ல் வந்த இந்த மருந்து சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பிறகு ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசிகள் வந்து, பார்வையைக் காப்பதோடு கொஞ்சம் மீட்டும் கொடுத்ததால் ஓரங்கட்டப்பட்டது. ஆனாலும் ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் பாலிப் வகை ரத்தக்குழாய் நோயிலும், விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் நோயிலும் அதன் தேவை தீரவில்லை. 2020-க்குப் பின் உலகெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கண் மருத்துவர்கள் தவித்தது அதனால்தான்.

லிப்போசோம் வெறும் வாகனம். தங்க நானோ துகளோ தானே மருந்து. தங்கத்தை மிகச் சிறிதாக்கினால் அதன் எலெக்ட்ரான்கள் ஒளியலையோடு சேர்ந்து ஊசலாடி, குறிப்பிட்ட நிறத்தை மூர்க்கமாக உறிஞ்சி வெப்பமாக்கும். டெக்சஸ் மாநிலம் ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ், சிலிக்கா உருண்டைமீது மெல்லிய தங்கத் தோல் போர்த்தினால், தோலின் தடிப்பைக் கூட்டிக் குறைத்து உறிஞ்சும் நிறத்தையே நகர்த்தலாம் என்று காட்டியவர். சக ஆய்வாளர் ஜெனிஃபர் வெஸ்டுடன் சேர்ந்து 2003-ல் எலிகளின் கட்டிகளை இப்படிச் சுட்டுக் காட்டினார். இதில் ஆக்சிஜன் தேவையில்லை, சூடுதான் ஆயுதம். கட்டியின் உட்பகுதி பெரும்பாலும் ஆக்சிஜன் வறண்டது, ஒளியியக்கச் சிகிச்சை நடக்க நடக்க இருப்பதையும் தின்று தீர்த்துவிடும் என்பதால் இது சிறிய சலுகை அல்ல. 2019-ல் புராஸ்டேட் புற்றுள்ள 16 பேரிடம் நடந்த முதல் சோதனையின் முடிவுகள் வந்தன. முதல் நாள் சுமார் 150 நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள்களை ரத்தத்தில் ஏற்றி, மறுநாள் லேசர் இழையைச் சுரப்பிக்குள் குத்திச் சுட்டார்கள். கடுமையான பக்கவிளைவு இல்லை, சிறுநீர் அடக்கும் திறனும் ஆண்மையும் பெரிதாகக் கெடவில்லை. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் பதினாறு பேர் என்பது பதினாறு பேர்தான்.

நானோ மருத்துவத்தைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் துகள் தானாகவே கட்டியைத் தேடிப் போய்ச் சேரும் என்று சொல்கின்றன. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால் துகள்கள் அங்கே கசிந்து தங்கும் என்பது 1986-ல் ஜப்பானில் முன்வைக்கப்பட்ட கருத்து. எலிகளில் அது ஓரளவு நடக்கிறது. எவ்வளவு நடக்கிறது என்று டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளை அலசி 2016-ல் கணக்குப் போட்டது. செலுத்திய துகள்களில் கட்டிக்குள் சேர்வது, நடுமட்ட மதிப்பாக, 0.7 சதவீதம். மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள துப்புரவு அணுக்களின் வாயில் போய்விடுகிறது. தங்கம் கரையாத பொருள் என்பதால் அங்கேயே நெடுங்காலம் கிடக்கும். இந்தத் துறையில் ஆண்டுதோறும் குவியும் கட்டுரைகளுக்கும் மருத்துவமனையில் கிடைக்கும் மருந்துகளுக்கும் உள்ள இடைவெளிக்கு இந்தக் கணக்கு முக்கியமான விளக்கம். எனினும் விளக்கு போடாத இடத்தில் துகள் தூங்கியே கிடக்கும் என்பதால், வழிதவறிய 99 சதவீதம் செய்யும் தீங்கு மற்ற நானோ மருந்துகளைவிட இங்கே குறைவு.

ஆழத்துக்கு ஒளி போகாத குறையைத் தீர்க்க இன்னொரு வகைத் துகள் சோதிக்கப்படுகிறது. இட்டர்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துகள்கள் இரண்டு மூன்றை விழுங்கி, பச்சையோ சிவப்போ ஆன ஒரே ஒளித்துகளைத் துப்பும். உடலைத் துளைக்கும் ஒளியை வெளியிலிருந்து அனுப்பி, சாயத்துக்கு வேண்டிய ஒளியை உள்ளேயே பெறலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2012-ல் எலிகளிடம் இது பலித்தது. ஆனால் உள்ளே போகும் ஒளியில் மிகச் சிறு பங்கே மாறி வருகிறது, அனுப்பும் 980 நானோமீட்டரைத் தண்ணீர் உறிஞ்சித் திசுவைச் சூடாக்குகிறது. மனிதர்களை எட்ட இன்னும் தூரம் இருக்கிறது.

உண்மையில் நோயாளியை எட்டியது எளிமையான ஒரு யோசனை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஹிசடாகா கோபயாஷி, புற்றுச் செல்லின் மேற்பரப்பைக் கண்டு ஒட்டும் ஆன்டிபாடியோடு 690 நானோமீட்டரை உறிஞ்சும் சாயத்தைக் கோத்தார். ஒளி பட்டதும் சாயத்தின் நீர்நாட்டமுள்ள பகுதி அறுந்து விழ, மூலக்கூறு உருமாறிச் செல்லின் சவ்வையே கிழித்துவிடுகிறது. செல் சில நிமிடங்களில் ஊதி வெடிக்கும். பக்கத்துச் செல் தப்பித்துக்கொள்ளும். 2011-ல் எலிகளில் காட்டப்பட்ட இந்த முறைக்கு, அறுவை செய்ய முடியாத தலை, கழுத்துப் புற்றுக்காக ஜப்பான் 2020-ல் அனுமதி வழங்கியது.

கிருமிகளுக்கும் இதே வித்தை பொருந்தும். பல் ஈறின் இடுக்குகளில் மெத்திலீன் நீலத்தை விட்டுச் சிவப்பு ஒளி பாய்ச்சும் சிகிச்சையைச் சில பல் மருத்துவர்கள் வழக்கமான சுத்தம் செய்வதோடு சேர்த்துத் தருகிறார்கள். ஒற்றைநிலை ஆக்சிஜன் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால், ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிக்கொள்வதுபோல் இதற்குப் பாக்டீரியா எளிதில் பழக முடியாது. ரத்தத்தில் பரவிய தொற்றுக்கு விளக்கு பிடிக்க முடியாது என்பது வெளிப்படை.

புகையிலையாலும் பாக்காலும் வாய்ப்புற்று மலிந்த இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. கன்னத்தின் உட்புறம் விளக்கு எட்டும் இடம், தொடக்கநிலைப் புற்று மெல்லியது. தடையாக இருந்தது லேசர் கருவியின் விலையும் இடையறாத மின்சாரத் தேவையும். அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆய்வாளர்களும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களும் சேர்ந்து பேட்டரியில் ஓடும் எல்இடி கருவியைச் செய்தார்கள். நோயாளி அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கிறார். கைப்பேசி கேமராவில் நீல ஒளியில் பார்த்தால் புண்ணின் எல்லை சிவப்பாகத் தெரிகிறது. முப்பரிமாண அச்சில் வார்த்த சிறு குப்பியைக் கண்ணாடி இழையின் நுனியில் மாட்டி, புண்ணின்மேல் படிய வைத்துச் சிவப்பு ஒளி பாய்ச்சுகிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட புண்கள் பெரும்பாலும் தழும்பின்றி ஆறின. வெட்டியெடுக்கும் அறுவையால் குன்றக்கூடிய பேச்சும் விழுங்கும் திறனும் இங்கே மிஞ்சுகின்றன. வெயிலுக்கு ஒதுங்கியிருக்க வேண்டியதும் ஓரிரு நாள்தான். தாடை எலும்பைத் தொட்டுவிட்ட கட்டிக்கும் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்ட நோய்க்கும் இந்த விளக்கு போதாது. அங்கே அறுவையும் கதிர்வீச்சும்தான்.